எட்டு வீட்டுக் கையெழுத்து

போன மாதம் ஒரு சனிக்கிழமை. மாலை ஐந்தரை மணி. எங்கள் தெருவில் கல்யாண வீட்டு வாசலில், வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, கையில் ஒரு வெள்ளை உறையோடு மிஸ்டர் லிம் வந்து நின்றார்.

சீனர்கள் பணம் வைத்துக் கொடுக்கும் வெள்ளை உறை எதற்கு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணத்துக்குச் சிவப்பு. வெள்ளை என்றால்... துக்க வீட்டுக்கு.

வாசலில் இரண்டு வாழை மரம் கட்டியிருக்கிறது. ஸ்பீக்கரில் நாதஸ்வரம் பொளந்து கட்டுகிறது. மனிதர் வாழை மரத்தைப் பார்த்தார், கையிலிருந்த உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பக்கத்தில் வந்து, இது பதினாறாம் நம்பர் வீடுதானே என்று மெதுவாகக் கேட்டார்.

தப்பு அவருடையது இல்லை. நூற்றுக்கு நூறு என்னுடையது. எப்படி என்று சொல்ல வேண்டுமானால் மாநகர் மன்றத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

எங்கள் தாமான், அதாவது குடியிருப்பு, ஜேபி என்கிற ஜொகூர் பாருவுக்கு வெளியே இருந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் நாங்கள் சிகாமட்டிலிருந்து இங்கே வீடு வாங்கி வந்தபோது, தெரு முடியும் இடத்தில் செம்பனைத் தோட்டம் ஆரம்பிக்கும். சாமான் வாங்கக் கிளம்பினால் "ஜேபிக்குப் போய்ட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போவோம். பிறகு ஒரு நாள் எல்லைக் கோட்டை இழுத்துப் போட்டார்கள். நகராண்மைக் கழகத்தின் கீழ் படுக்கப் போனோம். மாநகரவாசிகளாகக் கண் விழித்தோம். நாங்கள் யாரும் இருந்த இடத்தை விட்டு ஓர் அடி நகரவில்லை!

பெயர்ப்பலகை மாறியது. தெருவிளக்கு மாறியது. குப்பை லோரி வரும் நாள் மாறியது. மதிப்பீட்டு வரி... அதை விடுங்கள், சாப்பிடுகிற நேரத்தில் இதைப் படிப்பவர்களும் இருப்பீர்கள்.

எல்லாவற்றையும்விட, ஆட்கள் மாறினார்கள்.

எங்கள் தெருவில் இருபது தரை வீடுகள். ஒரு காலத்தில் அதில் பதின்மூன்று நம் தமிழர் வீடுகள். தீபாவளிக்கு ஒரு வீட்டிலிருந்து பலகாரத் தட்டு கிளம்பினால், தெரு முனைக்குப் போய்த் திரும்புவதற்குள் அதிலிருந்த முறுக்கு நாலு கை மாறியிருக்கும். பிள்ளைகள் படித்தார்கள், சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று பறந்தார்கள். மாநகரம் ஆனதும் வீட்டு விலை ஏறியது. பெற்றோர் வீட்டை விற்றுவிட்டுப் பிள்ளைகளோடு போய்ச் சேர்ந்தார்கள். இப்போது பதின்மூன்று, ஐந்தாகிவிட்டது.

சரி, அந்த வீடுகளுக்கெல்லாம் யார் வந்தார்கள்?

கேட்டால் சொல்லத் தெரியாது எனக்கு. நாங்கள் அவர்களுக்கு வைத்திருந்த பெயர்கள்தான் தெரியும். வெள்ளை மைவி கார் நின்றால், வெள்ளை மைவி வீடு. நாய் வீடு. கரோக்கே வீடு. இரண்டு மூன்று வருஷமாக இப்படித்தான் ஓடியது. காரை விட்டு இறங்கும்போது ஒரு சிரிப்பு, கேட்டைப் பூட்டும்போது ஒரு தலையசைப்பு... அத்தோடு சரி. இதே பத்திரிகைப் பத்தியில் இன ஒற்றுமை பற்றி நான் எத்தனை தடவை முழங்கியிருப்பேன்? எண்ணிப் பார்க்க எனக்கே கூச்சமாக இருக்கிறது.

இனி பாக்கியம் அக்கா. நான் பதினெட்டாம் நம்பர், அவர் பதினாறு. நடுவில் ஒரே சுவர்தான். அவருடைய வீட்டுக்காரர் தங்கராஜு அண்ணன் லோரி ஓட்டினார். யாருடைய கார் மக்கர் பண்ணினாலும் முதல் ஆளாகப் போய் பானெட்டைத் திறந்துவிடுகிற மனிதர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. ஒரே மகள் தர்ஷினி. சிங்கப்பூரில் நர்ஸ். தினமும் பாலத்தைக் கடந்து போய் வருகிற ஆயிரமாயிரம் பேரில் ஒருத்தி.

தர்ஷினிக்குக் கல்யாணம் குதிர்ந்தது. மாப்பிள்ளை சாஆ என்கிற ஊர்ப் பக்கத்துப் பையன், தங்கமான பையன். ஞாயிறு காலை கோயிலில் தாலி. முதல் நாள் சனிக்கிழமை மாலை பெண்ணுக்கு நலங்கு. நலங்கை ஒரு மண்டபத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று தர்ஷினி சொன்னாள். ஏர்கோன் இருக்கிறது, பார்க்கிங் இருக்கிறது, ஒரு போன் போட்டால் காரியம் முடிந்தது. நானும் ஆமாம் சாமி போட்டேன்.

மகள் கேட்டு எதற்கும் மாட்டேன் என்று சொல்லாத பாக்கியம் அக்கா, இதற்கு மட்டும் முடியாது என்றார். ஏன் என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன்.

"அந்த எடத்துல கடைசியா நின்னது அவருக்குப் போட்ட கெமா. ரெண்டு வருஷமா கேட்டத் தொறக்கறப்பல்லாம் எனக்கு அதுதான் கண்ணுல நிக்குது. இவளுக்கு அதே எடத்துல ஒரு கெமா போட்டாத்தான்மா எனக்கு அது மாறும்."

கெமா என்பது கூடாரம். தெருவை அடைத்துப் போடுவோமே, அதுதான். அவர் அப்படிச் சொன்ன பிறகு மண்டபம் என்ற வார்த்தை என் வாயில் வரவில்லை. தர்ஷினியும் அதற்கு ஒத்துக்கொண்டாள்.

முன்பெல்லாம் தெருவில் கூடாரம் போட என்ன செய்வோம்? கூடாரக்காரருக்குப் போன் செய்வோம். அவர் வந்து போடுவார். தெருவே காரை எடுத்து அடுத்த தெருவில் நிறுத்திவிட்டு, சாப்பிடக் கையலம்பிக்கொண்டு வரும். இப்போது நாம் மாநகரம் அல்லவா? பெர்மிட் வேண்டும். மாநகர் மன்றத்துக் கவுன்டரில் இருந்த பெண் சிரித்த முகமாக ஒரு ஃபாரம் கொடுத்தாள். தெருவை அடைப்பதால் அக்கம் பக்கமும் எதிர்ப்புறமுமாக எட்டு வீட்டின் சம்மதக் கையெழுத்து வேண்டுமாம். பத்து நாளுக்குள் கொண்டுவந்து கொடுத்தால் போதும் என்றாள்.

எட்டில் மூன்று நம் வீடுகள். மீதி ஐந்து? மைவி, நாய், கரோக்கே வகையறா. பாக்கியம் அக்காவின் முகம் விழுந்துவிட்டது.

"அவங்ககிட்டலாம் நா பேசுனதே இல்லையேம்மா. ஒரு வீடு மாட்டேன்னுட்டாக்கூட போச்சே."

நான் இருக்கிறேன், வாங்கக்கா என்றேன். பத்திரிகையில் எழுதுகிறவள் என்ற மிதப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினோம். நான் ஃபாரத்தை ஓர் அட்டையில் செருகிக்கொண்டு முன்னால் போனேன். அக்கா பின்னால் வந்தார். தங்கராஜு அண்ணன் போனதிலிருந்து அவர் உடுத்துகிற அதே வெள்ளைப் பருத்திச் சேலை, வெறும் நெற்றி. முதல் வீட்டு கேட் வந்ததும், சாக்கடை ஓரத்திலேயே நின்றுவிட்டார்.

"நீ போய்க் கேளும்மா. நல்ல காரியம் பேசுறப்ப நா முன்னால வந்து நிக்கக் கூடாது."

இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? கையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும். அட, வாய் வார்த்தைக்காவது "என்னக்கா இது" என்று கேட்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? "சரிக்கா" என்று சொல்லிவிட்டு மணியை அழுத்தினேன். பெண் விடுதலை பற்றி நாலு கூட்டத்தில் பேசி மாலை வாங்கியவள் நான். அது தப்பாகவே எனக்குத் தோன்றவில்லை. என் சித்தி அப்படி நின்றிருக்கிறார், என் பெரிய அண்ணி அப்படி நின்றிருக்கிறார்... பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது.

அது வெள்ளை மைவி வீடு. கதவைத் திறந்தவளின் பெயர் ஷிடா என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். மூவாரிலிருந்து வந்த மலாய்ப் பெண். நகரத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை. அவளும் கணவனும் குடிவந்தது, தங்கராஜு அண்ணன் இறந்த அதே வாரமாம். நான் என்னுடைய நல்ல மலாயை எடுத்துவிட்டேன்: வரும் சனிக்கு அடுத்த சனி, பதினாறாம் நம்பர் வீட்டு வாசலில் ஒரு கூடாரம், தெருவை அடைக்க வேண்டியிருக்கும்...

ஷிடா என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே, சாக்கடை ஓரம் தலையைக் குனிந்து நின்ற பாக்கியம் அக்காவைப் பார்த்தாள். முகம் அப்படியே இளகிவிட்டது. போன தடவை போட்ட இடத்திலேயேதானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எதற்குக் கூடாரம் என்று நான் விஷயத்துக்கு வருவதற்குள் கையெழுத்துப் போட்டு, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, என்ன உதவி வேண்டுமானாலும் கேளுங்கள் ஆண்ட்டி என்றாள். அப்படியே பேச்சுவாக்கில் எங்கள் வீட்டுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரும் தெரியவந்தது. 'காலையில பாட்டு வைக்கிற வீடு'. நான் உடனே அசடு வழிந்துகொண்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தேன்.

நாய் வீடு, மிஸ்டர் லிம் வீடு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மனைவியோடு இருக்கிறார். அவரும் என் தோளுக்கு மேலே பார்த்தார், அக்காவை நோக்கித் தலையைத் தாழ்த்தினார், கையெழுத்துப் போட்டார். கரோக்கே வீட்டில் சரவாக்கிலிருந்து வந்து கப்பல் பட்டறையில் வேலை செய்யும் நாலு பேர். சனிக்கிழமை தவறாமல் மைக்கைப் பிடித்துத் தெருவை ஆட்டிவைப்பவர்கள். இவர்களிடம் கெஞ்ச வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். அவர்களில் மூத்தவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, அன்றைக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒரு சத்தம் வராது, கவலைப்படாதீர்கள் என்றார். கல்யாண வீட்டுக்கு எதற்கு இவர்கள் அமைதியாக இருக்க வேண்டும் என்று ஒரு கணம் யோசித்தேன். நல்ல வளர்ப்பு என்று முடிவு செய்துகொண்டேன்.

ஒன்றரை மணி நேரத்தில் எட்டுக் கையெழுத்தும் முடிந்தது. ஒரு வீட்டில்கூட ஒரு கேள்வி இல்லை. அன்று மத்தியானம் சோற்றைப் போட்டுக்கொண்டே வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டேன், எல்லாம் நாம் பேசுகிற விதத்தில் இருக்கிறது என்று. அவர் தட்டிலிருந்து நிமிராமல், எதற்குக் கூடாரம் என்று சொன்னாயா என்று கேட்டார். ஃபாரத்தின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிறதே என்றேன். முதல் பக்கத்தை அடியில் வைத்து, கையெழுத்துப் பக்கத்தை மேலே வைத்து நான் நீட்டியது அப்போது என் புத்தியில் ஏறவில்லை.

பெர்மிட் வந்தது. வெள்ளிக்கிழமை கூடாரம் எழுந்தது. மஞ்சளும் ரோஸுமாகத் துணி. பாக்கியம் அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் போய்த் தொந்தரவு செய்யவில்லை.

இப்போது நாம் மிஸ்டர் லிம்மிடம் திரும்பி வந்துவிட்டோம்.

அவர் குரலைத் தாழ்த்தி, இரண்டு வருஷம் அதற்குள் ஓடிவிட்டது பார்த்தீர்களா, உங்கள் தோழியின் கணவர் நல்ல மனிதர், என் கார் பேட்டரி செத்துக் கிடந்தபோது மழையில் நனைந்துகொண்டு வந்து ஸ்டார்ட் பண்ணிக் கொடுத்தார் என்றார். சொல்லிக்கொண்டே உறையை நீட்டினார். எனக்கு உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை சுட்டது. வெள்ளைச் சேலை. குனிந்த தலை. போன தடவை போட்ட அதே இடம். அண்ணனுக்கு வருஷ திதி என்று நினைத்துத்தான் எட்டில் ஐந்து வீட்டார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்!

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. இவர்கள் குடிவந்த பிறகு எங்கள் தெருவில் மூன்று முறை கூடாரம் போட்டோம். மூன்றும் சாவுக்கு. நல்லதையெல்லாம் ஏர்கோன் மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டோம். அழுகையை மட்டும் தெருவில் வைத்துக்கொண்டோம். தமிழர் கூடாரம் போட்டால் அவர்கள் வேறு என்னதான் நினைப்பார்கள்?

நான் திக்கித் திணறி விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஷிடா வந்துவிட்டாள். கருநீல பாஜு கூரோங் உடை, கறுப்பு முக்காடு, பின்னால் சோகமாகக் கணவன், கையில் மூடிபோட்ட தட்டு நிறையக் கறிபாப் பலகாரம். கரோக்கே வீட்டில் ஒரு சத்தம் இல்லை. அவர்கள் குடிவந்ததிலிருந்து அப்படி ஒரு சனிக்கிழமையைத் தெரு பார்த்ததில்லை.

மிஸ்டர் லிம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள்... வாழை மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஷிடா "அலாமாக், ஆண்ட்டி" என்று என் தோளில் ஒன்று வைத்துவிட்டு முக்காடு மாற்ற வீட்டுக்கு ஓடினாள். கால் மணி நேரத்தில் மிஸ்டர் லிம் சீனப் பெருநாள் சிவப்புச் சட்டையில், மனைவியோடும் ஒரு பெட்டி ஆரஞ்சோடும் திரும்பி வந்தார். உள்ளே தர்ஷினிக்கு மேக்கப் போட்டுக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்பில் கண் மை கோணிக்கொண்டு, அலங்காரம் செய்த பெண்ணிடம் திட்டு வாங்கினாள். பாக்கியம் அக்காவும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அண்ணன் இருந்திருந்தால் இதை ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார் என்றார்.

இத்தோடு முடிந்திருந்தால் இது வெறும் வேடிக்கைக் கதை. முடியவில்லை.

ஆறரைக்கு நலங்கு ஆரம்பித்தது. நடத்தி வைத்தது தங்காக் அத்தை. தங்கராஜு அண்ணனின் அக்கா. தர்ஷினி கூப்பிடுவதைக் கேட்டு நாங்கள் எல்லோருமே அத்தை என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு நாள் முன்னதாகவே தங்காக்கிலிருந்து சேலை மூட்டையோடு வந்து இறங்கிவிட்டார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கணவரை இழந்தவர். அவரும் பந்தலுக்குள் வரவில்லை. சமையல்கட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அங்கிருந்தே அதிகாரம் பண்ணினார். குரல் மட்டும் கூடாரத்தின் கடைசி வரிசை வரை கேட்டது.

சுமங்கலிகள் ஏழு பேர் முதலில் வாருங்கள் என்றார். முதல் ஆள் நான். மஞ்சள் கிண்ணத்தைக் கையில் வாங்கினேன். மணையில் தர்ஷினி அவ்வளவு அழகாக உட்கார்ந்திருந்தாள்.

அவளுடைய அம்மா எங்கே? அடுப்படியில். கேட்டரிங்காரர்கள் கொண்டுவந்து வைத்த பாயசத்தை எதற்கோ கிண்டிக்கொண்டிருந்தார்.

முதல் மஞ்சளை நீங்கள்தான் வைக்க வேண்டும் என்று வியாழக்கிழமையே தர்ஷினி அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். "என் கை பட்டு ஒனக்கு ஒரு கெடுதல் வந்துடக் கூடாதும்மா" என்றிருக்கிறார் இவர். மகள் அழுது, தாய் அழுது, அத்தோடு முடிந்தது. எனக்குத் தெரியும். அத்தைக்குத் தெரியும். கூடாரத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்த நம்மவர்கள் அத்தனை பேருக்கும், பெண்ணின் அம்மா எங்கே, ஏன் என்று தெரியும். தெரிந்துகொண்டு எல்லோரும் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தோம்.

தெரியாத ஒருத்தி இருந்தாள். ஷிடா. மஞ்சள் முக்காட்டில் என் பக்கத்தில் நின்று, பெண்ணின் அம்மா எங்கே என்று மலாயில் கேட்டாள். உள்ளே வேலையாக இருக்கிறார் என்றேன். அம்மா வராமல் எப்படி ஆரம்பிப்பீர்கள், கூப்பிடட்டுமா என்றாள். இல்லை, அது எங்கள் வழக்கம் என்று இழுத்தேன். என்ன வழக்கம் என்றாள். சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பள்ளிக்கூடப் பிள்ளை கேட்பதுபோல.

"அவருக்கு... புருஷன் இறந்துட்டாரு" என்றேன் மலாயில்.

"ஆமா, தெரியுமே. அதனால?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த 'அதனால'வுக்கு என்னிடம் ஒரு வாக்கியம் இல்லை. மலாயில் தேடினேன், ஆங்கிலத்தில் தேடினேன். எதைச் சொன்னாலும் கேவலமாக இருந்தது. தமிழிலும் சொல்லிப் பார்த்தேன், மனசுக்குள். அதிலும் கேவலமாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் தமிழில் அதை யாருக்கும் சொல்ல வேண்டிய அவசியம் வராததால் தப்பித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அப்பா இல்லன்னா, அம்மாதானே ரெண்டு பேருக்கும் சேர்த்து வைக்கணும்?" என்றாள் ஷிடா.

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. நேராக அடுப்படிக்குப் போனாள். பாக்கியம் அக்கா வேண்டாம்மா வேண்டாம்மா என்று தமிழில் சொல்கிறார். இவளுக்குத் தமிழ் தெரியாது. வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு சிரித்தபடியே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருகிறாள். வெள்ளைச் சேலையும் மஞ்சள் முக்காடுமாக இரண்டு பேரும் பந்தலுக்கு நடுவில் வந்து நின்றார்கள். நாதஸ்வரத்தை யாரோ நிறுத்திவிட்டார்கள். எல்லோருடைய தலையும் ஒரே நேரத்தில் தங்காக் அத்தையை நோக்கித் திரும்பியது.

அத்தை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். இந்தம்மா ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பாக்கியம் அக்கா திரும்பிப் போய்விடுவார்; அப்புறம் இந்தக் கூடாரம் போட்டும் ஒரு பிரயோசனம் இல்லை. அதுவரை நான் செய்யாத ஒன்றைச் செய்தேன். மஞ்சள் கிண்ணத்தை அக்காவின் கையில் வைத்துவிட்டு, நான் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"அம்மா, வாங்கம்மா" என்றாள் தர்ஷினி.

அத்தை, ஷிடாவை ஒரு பார்வை பார்த்தார். பாக்கியம் அக்காவை ஒரு பார்வை பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வீட்டுக்கு வந்த விருந்தாளி ஆசப்பட்டுக் கூப்புடுது. மனசு நோகக் கூடாது. வச்சிட்டுப் போ."

எப்பேர்ப்பட்ட சாக்கு! வழக்கத்தை வழக்கத்தாலேயே அடித்துவிட்டார் அந்தம்மா.

பாக்கியம் அக்கா மஞ்சளை எடுத்து மகளின் ஒரு கன்னத்தில் வைத்தார். பிறகு அடுத்த கன்னத்தில். பிறகு நெற்றியில், கையில், காலில்... நிறுத்தவே இல்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து வைத்தார். தர்ஷினியின் மேக்கப் இரண்டாவது முறையாகப் போயிற்று, இந்தத் தடவை யாரும் திட்டவில்லை. நான் அழுதேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர் மூக்கைச் சிந்தினார், கேட்டால் சாம்பிராணிப் புகை என்பார். மிஸ்டர் லிம் இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து எழுந்து நின்று கை தட்டினார். அவரைப் பார்த்து எல்லோரும் கை தட்டினோம்.

அப்புறம் கரோக்கே வீட்டுக்காரர்களை யார் கூப்பிட்டார்கள் என்று தெரியவில்லை. ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒரு வாரத்துச் சத்தத்தை அடக்கி வைத்திருந்தவர்கள் இல்லையா? தெரு குலுங்கியது. பெர்மிட் ஒன்பது மணி வரைக்கும்தான் என்று நான்தான் ஓடி ஓடிச் சொல்ல வேண்டியிருந்தது.

போன வருஷம் இதே பத்தியில் நான் புலம்பியது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். தெருவில் நம்மவர்கள் குறைந்துவிட்டார்கள், பழைய களை போய்விட்டது என்றெல்லாம். உங்களில் நிறையப் பேர் ஆமாம் ஆமாம் என்று எழுதியிருந்தீர்கள். அதை இப்போதும் முழுசாக வாபஸ் வாங்கமாட்டேன். அந்த முறுக்குத் தட்டை எனக்கு இன்னும் தேடுகிறது. ஆனால் ஒன்று. அன்று கூடாரத்துக்குக் கீழே நம்மவர்கள் நூறு பேர் இருந்தோம். பெண்ணின் அம்மா எங்கே என்று நூறு பேரில் ஒருவர் கேட்கவில்லை. எல்லோருக்கும்தான் பதில் தெரியுமே! நம்மைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருத்தி பக்கத்து வீட்டுக்குக் குடிவர வேண்டியிருந்தது.

இதை ஷிடாவிடமே சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, மூவாரில் தன் வீட்டிலும் ஒரு விஷயம் இருக்கிறது, ஒரு நாள் வந்து நீங்கள் ஒன்றும் தெரியாதவர்போல ஒரு கேள்வி கேட்க வேண்டும் ஆண்ட்டி என்றாள். என்ன விஷயம் என்று இன்னும் சொல்லவில்லை. நான் தயாராக இருக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை தங்காக் அத்தையிடமிருந்து போன். சாதாரணமாக அரை நிமிஷத்தில் வைத்துவிடுகிறவர். அன்று வெயிலைக் கேட்டார், என் முட்டிவலியைக் கேட்டார், மீன் விலையைக் கேட்டார். விஷயத்துக்கு வரமாட்டேன் என்கிறார். கடைசியில், தை மாதம் மகனுக்குக் கல்யாணம், குடும்பத்தோடு வந்துவிடு என்றார். வராமல் இருப்பேனா அத்தை என்றேன். அந்த மலாய்க்காரப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வா என்றார்.

ஏன் என்று கேட்டேன்.

"எம் மகளுக்கு நலங்கு வச்சப்ப நா அடுப்படியிலதான் நின்னேன். நானா எப்படி வந்து நிக்கிறது? இங்க எல்லாம் நம்ம ஆளுங்க, யாரும் கேக்க மாட்டாங்க. அந்தப் பொண்ணு வந்து, 'அம்மா எங்க'ன்னு ஒரு வார்த்த கேட்டுச்சுன்னா போதும்."

நான் போனை வைத்துவிட்டு நேராக ஷிடா வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவள் காலண்டரைப் புரட்டினாள். மறுநாளே அலுவலகத்தில் இரண்டு நாள் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். அந்த ஃபாரத்தைப் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறாள்.

காரணம் என்று கேட்டிருந்த இடத்தில் எழுதியிருந்தாள் — 'குடும்பத் திருமணம்'.